20 லிட்டர் டில்டிங் கிரைண்டர்: பள்ளிச் சமையற்கூடத்தில் 14 மாதம் ஓட்டிய பிறகு

கடையில் கிரைண்டரை ஓட்டிக் காட்டுபவர்கள் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுத்தான் காட்டுவார்கள். அந்த அளவில் எந்தக் கிரைண்டரும் நன்றாகவே ஆட்டும். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியின் விடுதிச் சமையற்கூடத்தில் 1999 ஜூன் முதல் வேலை பார்த்துவரும் எனக்கு, இட்லி நாளுக்கு ஆட்ட வேண்டியது 14 கிலோ அரிசியும் மூன்றரைக் கிலோ உளுந்தும். விடுதியில் 180 பிள்ளைகள். ஆளுக்கு நான்கு என்று வைத்தாலும் 720 இட்லி, அதற்கு மேல் காவலர், ஓட்டுநர், விடுதியில் தங்கும் ஆசிரியர்கள். 2024 ஜூனில் வாங்கிய, டிரம்மைக் கவிழ்த்து மாவை எடுக்கும் 20 லிட்டர் டில்டிங் கிரைண்டரை இந்த அளவில், வாரத்துக்கு நான்கு நாள் வீதம், 14 மாதம் ஓட்டிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவையிலும் சுற்றுப்புறத்திலும் இதே அமைப்பில் கிரைண்டர் செய்யும் பட்டறைகள் பல இருக்கின்றன, நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அந்த அமைப்பைச் சேர்ந்தவை. மாவரைக்கும் கடை, கல்யாண மண்டபம், விடுதி என்று பெரிய அளவில் ஆட்டுபவர்களுக்குத்தான் இது பயன்படும். வீட்டுக்கு வாங்குபவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. என் வீட்டிலேயே 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த சிறிய டேபிள்டாப் கிரைண்டர்தான் இன்றும் ஓடுகிறது.

புதியதைப் பற்றிச் சொல்வதற்கு முன் பழையதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எதனோடு ஒப்பிடுகிறேன் என்பது தெரியாவிட்டால் என் பாராட்டுக்கும் குறைக்கும் பொருள் இராது. எங்களிடம் இருந்தது 2003-இல் வாங்கிய 10 லிட்டர் நிலைக் கிரைண்டர். கவிழ்க்க முடியாதது. அரிசியை நான்கு தடவையாகவும், பொங்கி வழிந்துவிடும் என்பதால் உளுந்தை இரண்டு தடவையாகவும் ஆட்டுவோம். ஆக ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் மாவை எடுப்பதற்குக் குழவியைப் பிடியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்தில் வைத்திருக்கும் தட்டில் சாய்த்துவிட்டு, முழங்கை வரை மாவுக்குள் விட்டு அள்ள வேண்டும். பின்பு மாவு படிந்து வழுக்கும் அதே குழவியை மறுபடி தூக்கி உள்ளே இறக்க வேண்டும். ஒரு முறை அந்தக் குழவியை மளிகை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 13 கிலோவும் சில்லறையும் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை எடுத்தலும் ஆறு தடவை இறக்கலும் என்றால், வாரத்தில் நான்கு நாளுக்கு 48 தூக்கு. இருபது ஆண்டுக்கும் மேலாக இதைச் செய்ததில் என் வலது தோள் காதுக்கு மேல் உயராமல் போனது. தலை வாருவதற்கு மகளைக் கூப்பிட வேண்டிய நிலை வந்த பிறகுதான் ஈரோட்டுக்குப் போய் மருத்துவரைப் பார்த்தேன்.

ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும், சுற்றுவது கை. கிரைண்டரில் கல் சுற்றும், குழவி ஒரே இடத்தில் நிற்கும், சுற்றுவது மோட்டார். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கியதிலிருந்து, பிறகு 2005–06-இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததுவரை எல்லோரும் பேசுவது கை ஓய்ந்த கதையைத்தான். வீட்டில் அது முழு உண்மை. பெரிய சமையற்கூடத்தில், சுற்றும் வேலை மட்டும்தான் மோட்டாருக்குப் போனது, தூக்கும் வேலையும் அள்ளும் வேலையும் அப்படியே பெண்களிடம் நின்றுவிட்டன. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எங்கள் ஊர் மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர் என் அம்மா. சோறும் குழம்பும் ஆக்கும் அந்த வேலையில் மாவாட்டும் தொல்லை இல்லை. அவருக்கு விறகுப் புகையில் கண் போனது, எனக்கு இட்லியில் தோள் போனது என்று நாங்கள் இருவரும் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

பழைய கிரைண்டரோடு கழிந்த காலத்தில் மிக மோசமானது 2012. கொங்கு நாடு முழுக்க மின்வெட்டு. தொழிற்சாலைகள் நின்றதைச் செய்தித்தாள்கள் எழுதின. விடுதிகளில் மாவு ஆட்டியவர்கள் பட்டதை யாரும் எழுதவில்லை. மின்சாரம் வரும் நேரத்தை அனுசரித்து அரிசியை ஊற வைப்போம். அது வராவிட்டால் அரிசி அளவுக்கு மீறி ஊறி வாடை வீசும். ஒரு மணி நேரத்துக்குள் ஆறு தடவை ஆட்ட முடியாது என்பதால் நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் எழுந்து மீதியை ஆட்டியிருக்கிறேன். அப்போதே பெரிய கிரைண்டர் ஒன்றைக் கேட்டோம். பேருந்துகளுக்கும் வகுப்பறைகளுக்கும் பிறகுதான் சமையற்கூடத்தின் முறை வரும் என்பதால் ஆண்டுகள் ஓடின. கடைசியாக முடிவெடுக்க இருந்த நேரத்தில், 2019-இல் 5 சதவீதமாகக் குறைந்திருந்த கிரைண்டர் மீதான ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 18 சதவீதம் ஆகிவிட்டது. வரி குறையட்டும் என்று மேலும் இரண்டு ஆண்டு தள்ளிப் போட்டார்கள். எங்களுக்குக் கிரைண்டரின் விலையோடு வரியும் ஏற்றுக்கூலியும் சேர்ந்து 50,000 ரூபாயை ஒட்டி வந்தது.

வந்திறங்கியது 20 லிட்டர் கொள்ளளவு, ஒன்றரை எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், துருப்பிடிக்காத எஃகு டிரம், அடியில் கருங்கல். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல் என்று கொண்டுவந்தவர் பெருமையாகச் சொன்னார். கல்லைக் கையால் தடவிப் பார்த்தேன். கொத்து ஒரே சீராக, நெருக்கமாக விழுந்திருந்தது. புதுக்கல்லில் உடனே உணவுக்கான மாவை ஆட்டிவிடக் கூடாது. முதல் நாள் தவிட்டையும் உப்பையும் தண்ணீர் விட்டு ஆட்டி ஊற்றினேன், சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாம் நாள் பழைய அரிசி. மாவில் விரலை வைத்துத் தேய்த்தால் நெறநெறவென்றது. மூன்றாம் நாள் மாவு வெளுத்தது, நெறநெறப்பும் போயிற்று. அதன் பிறகே பிள்ளைகளுக்கு ஆட்டினேன். கடைக்காரர் ஒரு நாள் போதும் என்றார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் 180 வாயில் மணல் விழுந்திருக்கும்.

ஆட்டும் தரத்தில் எனக்குக் குறையே இல்லை. மூன்றரைக் கிலோ உளுந்தை ஒரே தடவையில் போட்டு, கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து வந்தால், நாற்பது நிமிடத்தில் டிரம்மின் முக்கால் பங்குக்குப் பொங்கி நிற்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு உருண்டை மாவைப் போட்டால் மிதக்க வேண்டும், மிதக்கிறது. பழையதில் மோட்டார்ச் சூடும் தேய்ந்த கல்லும் சேர்ந்து உளுந்து வெதுவெதுப்பாகிவிடும், சித்திரை மாதத்தில் ஐஸ் தண்ணீர் விட்டுத்தான் ஆட்டுவோம். இதில் டிரம் நிதானமாகச் சுற்றுவதால் மாவு குளிர்ந்தே இருக்கிறது. அரிசி ஏழு கிலோ வீதம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் அரை மணிக்குச் சற்று மேல். இட்லி பஞ்சு போல வருவதற்கு எங்கள் பக்கத்து வீடுகளில் உளுந்தோடு நான்கைந்து கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, ஓடு நீக்கிச் சேர்ப்பார்கள். அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சமைக்கும் இடத்தில் நான் அதைச் சேர்ப்பதில்லை. சேர்க்காமலே இந்தக் கிரைண்டரில் ஆட்டும் மாவு அந்தப் பதத்துக்கு அருகில் வருகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

ஆறு தடவை மூன்றாகக் குறைந்ததில் எனக்குக் கிடைத்தது 7.20 மணி நகரப் பேருந்து. காலை 4.45-க்கு வந்து, பகல் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, மாலையில் மறுபடி ஆட்டத் தொடங்கினால் முன்பெல்லாம் முடிய ஒன்பது ஆகும். மகனோ கணவரோ வண்டியில் வந்து அழைத்துப் போக வேண்டும், அவர்களுக்கு வேலை இருந்தால் விடுதியிலேயே படுத்துக்கொள்வேன். இப்போது ஏழு மணிக்குத் தரையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். விளம்பரத் தாளில் இப்படி ஒரு பயனைப் போட்டிருக்க மாட்டார்கள்.

இனி, இதன் பெயருக்குக் காரணமான கவிழ்க்கும் வேலைக்கு வருகிறேன். பக்கத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. குழவியின் பிடியைத் தளர்த்தி மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பூட்டு ஆணியை இழுத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் டிரம் முன்பக்கம் சாய்ந்து மாவு தானாக இறங்கும். ஒட்டியிருப்பதைத் தேங்காய் ஓட்டாலோ கரண்டியாலோ வழித்தால் போதும். முழங்கை மாவில் நனைவதே இல்லை. தோளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். பிறகுதான் இதை வடிவமைத்தவர் ஒரு நாளும் இதில் நின்று மாவு எடுத்ததில்லை என்பது புரிந்தது.

முதலாவது, உயரம். டிரம் முழுதாகச் சாயும்போது அதன் வாய் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. பெரிய சமையற்கூடத்தில் மாவு ஊற்றி வைக்கும் அண்டா எதுவும் அதற்கு அடியில் நுழையாது. நாங்கள் அகன்ற தாழ்வான இரண்டு சட்டிகளைப் புதிதாக வாங்கினோம். அதில் விழும் மாவைக் குவளையால் மொண்டு அண்டாவுக்கு மாற்றுகிறோம். தூக்கும் வேலை மிச்சமான இடத்தில் குனியும் வேலை வந்து சேர்ந்தது. ஆறு அங்குல உயரத்தில் ஒரு சிமென்ட் மேடை கட்டி அதன் மேல் கிரைண்டரை நிறுத்தியிருந்தால் இது வந்திருக்காது. வாங்குபவர்கள் இயந்திரம் வருவதற்கு முன்பே மேடையைக் கட்டிவிட வேண்டும். வந்த பிறகு அதைத் தூக்கி வைக்க நான்கு ஆட்கள் தேவை.

இரண்டாவது, பூட்டு ஆணி. இது வெறும் குறை என்று தள்ளக்கூடியதன்று. ஆணி விழ வேண்டிய துளையில் மாவு காய்ந்து அடைத்துக்கொண்டால், ஆணி பாதிதான் இறங்கும். பார்வைக்குப் பூட்டியது போலவே தெரியும். சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு நாள், உளுந்து பொங்கி முடியும் தறுவாயில், தண்ணீர் தெளிக்கக் குனிந்த உதவியாளரின் பக்கம் டிரம் திடுமெனச் சாய்ந்தது. அவருடைய காலில் படாமல் தப்பியது எங்கள் நல்ல நேரம். மூன்றரைக் கிலோ உளுந்து மாவும் தரையில் வெண்ணெய் போலப் பரவி, வடிகால் துளையை நோக்கி மெதுவாக நகர்ந்ததை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மறுநாள் காலை ரவை உப்புமா. தட்டை நீட்டிய ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “ஏனுங்காயா, இட்லி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்களா?” என்று கேட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவைக்கு முன்பும் அந்தத் துளையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஆணி முழுவதும் இறங்கி ‘டக்’ என்று ஓசை கேட்ட பிறகே சுவிட்சைப் போடுகிறோம். ஆணியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, கோடு மறைந்தால் பூட்டியது என்று தெரியும்படி செய்ய நிறுவனத்துக்குப் பத்து ரூபாய் கூட ஆகாது. நாங்களே நகப்பூச்சு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டோம்.

மூன்றாவது, சுவிட்ச் இருக்கும் இடம். மோட்டார் பெட்டியின் பின்பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். முன்னால் நின்று மாவைப் பார்ப்பவர் அவசரத்துக்கு நிறுத்த வேண்டுமென்றால், ஈரத் தரையில் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். டிரம் சாய்ந்த அன்று நான் அப்படித்தான் ஓடினேன். பள்ளியின் எலக்ட்ரீசியனைக் கொண்டு, எட்டும் உயரத்தில் சுவரில் தனியாக ஒரு ஸ்டார்ட்டர் வைத்துக்கொண்டோம். கூடவே எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டார். ஈரக் கையும் ஈரக் காலுமாக நின்று செய்யும் வேலை இது. மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது.

மூன்று ஃபேஸ் மோட்டார் வாங்குவதா, ஒற்றை ஃபேஸா என்று கேட்பவர்கள் உண்டு. மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும் கிராமப்புறத்தில் பெரிய கிரைண்டருக்கு மூன்று ஃபேஸ்தான் தாங்கும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. மழைக்குப் பிறகு ஒரு நாள் மின்வாரிய ஊழியர்கள் கம்பத்தில் பழுது பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை கிரைண்டர் ஓடியது, ஓசையும் சரியாக இருந்தது, அரிசி மட்டும் அரைபடவில்லை. குழவி கல்லில் பதியாமல் எகிறி எகிறிக் குதித்தது. கல் போய்விட்டது என்றே நினைத்தேன். கவனித்துப் பார்த்தால் டிரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் மோட்டார் திரும்பிச் சுற்றும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் சரியாயிற்று. டிரம்மின் வெளிப்பக்கம் சுற்ற வேண்டிய திசையைக் காட்டி ஓர் அம்புக்குறி போட்டு வைப்பது நல்லது.

கழுவுவது எளிது. சாய்த்து வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, நார் கொண்டு தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிறது. குழவியின் அச்சுக்குள் மட்டும் தண்ணீர் போய்விடுகிறது. அதனால் சில நாளில் கறுப்பாக ஒரு சொட்டு கிரீஸ் மாவில் விழும். அச்சைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டுக் கழுவினால் அந்தத் தொல்லை இல்லை. தேங்காய் துருவும் இணைப்பு ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். மூடியில்லாமல் சுற்றும் அந்தப் பல்லுக்குள் கையை நீட்டித் தேங்காய் மூடியைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தேங்காய் துருவுகிறோம் என்றாலும் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

பழுது பார்க்கும் சேவை நடுத்தரம். மழைக்காலத்தில் பெல்ட் தளர்ந்து, பாரம் ஏற்றினால் டிரம் நின்று நின்று சுற்றியது. தொலைபேசியில் சொன்ன பிறகு ஆறாம் நாள்தான் ஆள் வந்தார். வந்தவர் மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி இரண்டு விரல் அளவு பின்னுக்கு இழுத்து முறுக்கிவிட்டு, “இதுக்கெல்லாம் எதுக்குங்கக்கா எங்கள வரச் சொல்றீங்க? ஒரு ஸ்பேனர் இருந்தா நீங்களே பண்ணிரலாமுங்க” என்றார். உண்மைதான். ஆனால் அதை விற்கும் நாளில் சொல்லிக் கொடுத்திருந்தால் ஆறு நாள் 180 பிள்ளைகளுக்குப் பொங்கலும் உப்புமாவும் போட்டிருக்க வேண்டாம். இப்போது எங்களிடம் ஸ்பேனரும் இருக்கிறது, மாற்றுப் பெல்ட் ஒன்றும் வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம்.

மொத்தத்தில் இதை வாங்கலாமா என்றால், ஒரு நாளைக்குப் பத்து கிலோவுக்கு மேல் ஆட்டும் எந்தச் சமையற்கூடமும் நிலைக் கிரைண்டரை வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. பத்து கிலோவுக்குக் கீழ் என்றால் 10 லிட்டர் டில்டிங் போதும். 20 லிட்டரில் இரண்டு மூன்று கிலோ போட்டால் குழவிக்கு அடியில் அரிசி சிக்காமல் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. கடைக்குப் போகும்போது, பணம் கொடுப்பவரோடு மாவாட்டுபவரும் போக வேண்டும். எங்கள் கிரைண்டரைத் தாளாளரும் கணக்கரும் போய்த் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் மோட்டாரின் உத்தரவாதத்தை விசாரித்தார்கள், டிரம்மைச் சாய்த்துக் கூடப் பார்க்கவில்லை. நான் போயிருந்தால் முதலில் ஒரு அண்டாவை அடியில் வைக்கச் சொல்லியிருப்பேன்.

கல் இப்போது சற்று மழுங்கத் தொடங்கியிருக்கிறது. அரிசிக்கு முன்பைவிட ஏழெட்டு நிமிடம் கூடுதலாகிறது. வாரம் நான்கு நாள் ஓடும் கல்லுக்கு இது இயல்பு. கொத்துபவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். அம்மி கொத்தலையோ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களின் வழியில் வந்த ஒருவர், பெருந்துறைப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சொல்லியனுப்பினேன். காலாண்டு விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தி முடித்ததும் மறுபடி மூன்று நாள் தவிடும் பழைய அரிசியும் ஆட்டி ஊற்ற வேண்டும் என்பதால், அரை மூட்டை தவிட்டை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.